தீயன் அந்தவனுக்கு ஒரு போர்டு வைங்கப்பா

எங்க சொந்தத்துல ஒரு அண்ணன் எகிப்து போயிட்டு வந்தார். லக்சர்ல கப்பல் ஏறி அஸ்வான்ல இறங்குற நைல் டூர். வழி நெடுக கரையோரம் கோயில், கல்லறை, மறுபடி கோயில், மறுபடி கல்லறை. ஐநூறு போட்டோ எடுத்திருக்கார். அதுல முந்நூறுல அவரே நிக்கிறார், அது வேற கதை :-). துத்தன்காமுன் கல்லறையை 1922ல கண்டுபிடிச்சாங்கன்னு இப்ப அவருக்கு மனப்பாடம். "அண்ணே, புலிமான்கோம்பை தெரியுமா?"ன்னு கேட்டேன். "ஆண்டிப்பட்டிப் பக்கம். ஏன், அங்க இருந்து யாரும் பொண்ணு கேட்டு வந்திருக்காய்ங்களா?"ன்னார்.

அவரைக் குத்தம் சொல்ல முடியாது. கம்பம் பள்ளத்தாக்குல பொறந்து வளர்ந்த பத்துப் பேரை நிறுத்திக் கேட்டா ஒன்பது பேர் இதே பதில்தான் சொல்வாய்ங்க. ஏன்னா அந்த ஊரைப் பத்தி அவங்களுக்கு யாரும் சொன்னதே இல்ல. நம்ம வைகையும் ஒரு நைல்தான், கரையோரம் பூரா கோயிலும் கல்லறையும்தான், அதைப் பார்க்கக் கூட்டிட்டுப் போக ஒரு ஏற்பாடும் இல்லைங்கிறதுதான் என் வயித்தெரிச்சல்.

விஷயத்துக்கு வர்றேன். 2006ல தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கா.ராஜனோட மாணவர்கள் வைகைக் கரையில இருக்கிற புலிமான்கோம்பையில மூணு நடுகல் கண்டுபிடிச்சாங்க. மூணுலயும் தமிழ்-பிராமி எழுத்து. அதுக்கு முன்னாடி வரைக்கும் எழுத்தோட கிடைச்ச நடுகல்லுன்னா செங்கம், தருமபுரின்னு வட்டெழுத்துக் காலத்துச் சமாச்சாரம்தான். இது கி.மு.வுக்குப் போகுது. எந்த நூற்றாண்டுங்கிறதுல அறிஞர்களுக்குள்ள வித்தியாசம் இருக்கு, ஆனா தமிழ்நாட்டுல எழுத்துள்ள நடுகல்லுல இதுதான் ரொம்பப் பழசுங்கிறதுல பெரிய தகராறு இல்ல. அப்புறம் பக்கத்துல தாதப்பட்டியிலயும் இதே மாதிரி ஒண்ணு கிடைச்சது.

அந்த மூணு கல்லுல ஒண்ணு என்னைத் தூங்கவிடல. பேடுங்கிற ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவன்னு ஒருத்தன். கூடலூர்ல நடந்த ஆகோள்ல செத்துப்போனவன். அவனுக்கு எடுத்த கல். அவ்வளவுதான் சேதி. ஆகோள்னா மாடு கவர்றது. வெட்சித் திணைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அதேதான். தொல்காப்பியத்துல இலக்கணமா வர்ற ஒரு சொல்லு, இங்க வைகைக் கரையில ஒரு ஆளோட சாவுக்குப் பக்கத்துல கல்லுல வெட்டிக் கிடக்கு. தமிழய்யா பரீட்சைக்குக் கேட்ட சொல், நெசமாவே ஒருத்தன் உசிரைக் கொண்டுபோன சொல்!

கூடலூர்னதும் நமக்கு ஞாபகம் வர்றது கம்பத்துக்கு மேற்கே, குமுளிக்குக் கீழே இருக்கிற கூடலூர்தான். அந்தக் கூடலூர்தானா இதுங்கிறதை ஆராய்ச்சி பண்றவங்க கையில விட்டுடுவோம். ஆனா கூடலூர் பஸ்ல ஏறும்போதெல்லாம் எனக்கு அந்தாளு நெனப்பு வருது. யார் மாட்டை யார் ஓட்டுனாய்ங்க? இவன் கவரப்போனவனா, மீட்கப்போனவனா? வீட்டுல யாரெல்லாம் அழுதாங்க? ஒரு வரிதான் எழுதிருக்கான், மிச்சத்தை நாமதான் நெனச்சுக்கணும்.

நிற்க. இப்ப நைலைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. அங்க கல்லறைன்னா ராஜா கல்லறை. மலையைக் குடைஞ்சு, சுவரெல்லாம் சித்திரம் எழுதி, தங்கத்தைக் கொட்டி மூடினது. (அந்தக் கல்லறையை வெட்டுன தொழிலாளிகளுக்குன்னு டெய்ர் எல்-மெதினான்னு ஒரு ஊரே இருந்திருக்கு, அவங்களும் தங்களுக்கு அழகழகா கல்லறை கட்டிக்கிட்டாங்க. ஆனா டூருக்குப் போறவங்கள்ல பாதிப் பேர் அதை எட்டிப்பாக்குறதில்ல. எங்க அண்ணனும் பாக்கல, கேட்டுட்டேன்.) நம்ம புலிமான்கோம்பைக் கல்லு மூணடி சுமார்தான். அதுல இருக்கிறது ராஜா இல்ல, குறுநில மன்னன் இல்ல. மாட்டுச் சண்டையில செத்த ஒரு ஆள். அவன் பேரை எழுதணும்னு நெனச்ச ஒரு ஊர். அதை எழுதத் தெரிஞ்ச ஒரு கை. படிக்க நாலு பேராவது இருந்தாத்தான எழுதுவாய்ங்க? பிரமிடு இல்லாட்டி என்ன, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி சாதாரண ஆளுக்குப் பேர் வெட்டி வெச்ச ஊர்னு சொல்லிக்க நமக்கு இருக்கே. இதைவிட என்ன பெருமை வேணும்?

சரி, கல்லு பழங்கதை. மாடு பழங்கதை இல்ல. கம்பத்துல நந்தகோபாலன் கோயில் தம்பிரான் மாட்டுத்தொழு பார்த்திருக்கீங்களா? அங்க சிலை கிடையாது. மாடுதான் சாமி. பட்டத்துக் காளையைத்தான் கும்பிடுவாங்க. மாட்டுப் பொங்கலன்னைக்கு சுத்துப்பட்டு ஜனம் பூரா அங்கதான் நிக்கும், நேர்ந்துக்கிட்ட கன்னைக் கொண்டாந்து விடுவாங்க. மாட்டுக்காகச் செத்தவனுக்குக் கல்லு எடுத்த அதே ஆத்துப் படுகையில, இன்னைக்கும் மாட்டைச் சாமியா கும்பிடுற தொழு. ரெண்டுக்கும் நேரடிச் சொந்தம் இருக்குன்னு நான் சொல்ல வரல. தொழுவை வெச்சிருக்கிறவங்க வரலாறு வேற, அவங்க பின்னாடி வந்தவங்க. ஆனா மலை மாடு மேய்க்கிறவங்க காட்டுக்குள்ள போகலாமா கூடாதான்னு இந்த மாவட்டத்துல இன்னமும் வழக்கும் போராட்டமுமா ஓடிக்கிட்டிருக்கு. 2021ல ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிச்சாங்க, 2022ல மேய்ச்சலுக்குத் தடைன்னு நீதிமன்றம் சொல்லுச்சு. கல்லையும் தொழுவையும் ஒரே நாள்ல ஒருத்தன் பார்த்தா அவனுக்கு எவ்வளவு புரியும்!

நம்ம ஊர்ல டூரே இல்லைன்னு சொல்லல. இருக்கு. ஆடிச் சனிக்கிழமை குச்சனூர்ல போய் நின்னு பாருங்க, கால் வைக்க இடம் இருக்காது. சனீஸ்வரன் சுயம்பு, ஊரெல்லாம் எள்ளு விளக்கு. வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா சித்திரையில, முல்லையாத்துல குளிச்சிட்டு தீச்சட்டி தூக்குற கூட்டம். சுருளியில ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் குடுக்குற கூட்டம். அதாவது, செத்தவங்களுக்கு ஆத்தங்கரையில செய்ய வேண்டியதை ஜனங்க இன்னைக்கும் செஞ்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா வேன் எல்லாம் குச்சனூர்ல நிக்கும், சுருளியில நிக்கும், தேக்கடிக்குப் போயிடும். நடுவுல இருக்கிற சின்னமனூரும் உத்தமபாளையமும் அவங்களுக்கு டீ குடிக்கிற ஊரு.

சின்னமனூர் டீ குடிக்கிற ஊரா? பாண்டியர் வரலாறு எழுதுறவங்க யாரும் சின்னமனூர்ச் செப்பேடுகளைத் தாண்டிப் போகவே முடியாது. ராசசிம்ம பாண்டியன் பிராமணர்களுக்கு ஊர் குடுத்த பெரிய செப்பேடு அது, பத்தாம் நூத்தாண்டுத் தொடக்கம். தன் முன்னோர் பெருமையைச் சொல்லும்போது, மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தினதையும் மதுரையில சங்கம் வெச்சதையும் சேர்த்துச் சொல்லுது. 'சங்கம்' இருந்துச்சா இல்லையான்னு சண்டை போடுற எல்லாரும் கையில எடுக்குற ஆதாரம் இது. ஊர்ப்பேரே அதுக்குப் பேர். பூலாநந்தீஸ்வரர் கோயிலுக்குப் போறவங்க நூத்துல எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே காலேஜ் முடிச்ச அப்புறம்தான் ஒரு பழைய புத்தகக் கடையில தெரிஞ்சது.

உத்தமபாளையம் இன்னும் சுவாரசியம். ஊரை ஒட்டி ஒரு பாறை. கீழே கருப்பணசாமி. மேலே பாறையில வரிசை வரிசையா சமணத் தீர்த்தங்கரர்கள், குட்டிக் குட்டியா, தியானத்துல. அடியில வட்டெழுத்து. திருக்குணகிரின்னு பழைய பேர். அச்சணந்தின்னு ஒரு சமண முனிவர் பேர் மதுரையைச் சுத்தி மலை மலையா வரும், அவர் பேர் இங்கயும் வருது. ஆயிரம் வருஷத்துக்கும் மேல ஆகுது. சமணம் இந்தப் பக்கம் போயே போச்சு. ஆனா சிற்பம் பெருசா சேதாரம் இல்லாம நிக்குது. ஏன்னு நெனைக்கிறீங்க? தொல்லியல் துறை நேத்து வந்த ஆளு. அதுக்கு முன்னாடி நூத்துக்கணக்கான வருஷம் காவல் காத்தது கருப்பணசாமி. சாமி இருக்கிற பாறையில எவன் உளியை வைப்பான்? (பக்கத்துலயே கல்லு உடைக்கிறவன் இருந்தாலும் வைக்க மாட்டான், பயம்தான்.) அருவாளோட நிக்கிற சாமி, எறும்பையும் கொல்லாத சாமிக்குக் காவல். இந்தக் காட்சியைப் பார்க்க நான் லக்சருக்குப் போக வேண்டியதில்ல.

கண்ணகி கோயிலைப் பத்தி அதிகம் சொல்ல வேண்டாம், எல்லாருக்கும் தெரியும். தமிழ்நாடு-கேரள எல்லையில, மலை உச்சியில. பேராசிரியர் சி.கோவிந்தராசனார் 1963ல தேடிக் கண்டுபிடிச்சுச் சொன்னது. இப்ப வருஷத்துல ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமிக்குத்தான் விடுவாங்க. கீழே பளியங்குடி வழியா நடந்து ஏறலாம், குமுளி வழியா ஜீப்பும் உண்டு. ஒரு நாள்தான்ங்கிறதை நெறைய பேர் குறையா சொல்றாய்ங்க. எனக்கென்னவோ அது புலி இருக்கிற காடு, ஒரு நாளே போதும்னுதான் தோணுது.

இப்ப கஷ்டமான இடத்துக்கு வர்றேன். கல்லறை.

மத்திய தொல்லியல் துறையோட அமர்நாத் ராமகிருஷ்ணா குழு 2013-14ல வைகையை, வெள்ளிமலையில இருந்து கடலோரம் அழகன்குளம் வரைக்கும் ரெண்டு கரையிலும் தேடிப் பார்த்துச்சு. 293 இடம் கண்டுபிடிச்சாங்க. அதுல ஒண்ணே ஒண்ணுதான் கீழடி. அந்த ஒண்ணுக்கே 2023 மார்ச்ல அருங்காட்சியகம் திறந்தாச்சு, பஸ் பஸ்ஸா பள்ளிக்கூடப் பிள்ளைங்க போறாங்க. ரொம்ப சந்தோஷம், நானும் ரெண்டு தடவை போனேன். மிச்ச 292? அதுல ஒரு பங்கு நம்ம தேனி மாவட்டத்துக் காடு கரையில இருக்கு. முதுமக்கள் தாழி, கல்வட்டம். இதெல்லாம் யாரோ ஒருத்தரோட தோட்டம்.

ஆண்டிப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டக்காரர்கிட்டப் பேசிக்கிட்டிருந்தேன். வயசானவர், முருங்கை போட்டிருக்கார். உழும்போது பானை ஏதும் வருமாய்யான்னு கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எந்த ஆபீஸு தம்பி?"ன்னார். ஆபீஸ் இல்லய்யா, சும்மா ஆசைன்னு சொல்லி நம்பவைக்கவே அரை மணி நேரம் ஆச்சு. அப்புறம்தான் சொன்னார். "வரும். பெரிய பெரிய குலுக்கை மாதிரி. உள்ள எலும்பும் சின்னச் சின்னக் கலயமும். நாங்க ஒடைச்சு மூடிருவோம். வெளிய சொன்னா காடு போயிரும்ல."

காடு போயிரும்! இந்த ஆறு எழுத்துப் பயம்தான் வைகைக் கரைக் கல்லறைகளுக்கு மணல் லாரியைவிடப் பெரிய எதிரி. அந்தப் பெரியவர் முட்டாள் இல்ல. சட்டம் அப்படி. 1878ல வெள்ளைக்காரன் போட்ட புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள பொருள் மண்ணுல கிடைச்சா கலெக்டருக்குச் சொல்லணும். 2010ல வந்த திருத்தத்தின்படி, மத்திய அரசு பாதுகாக்குற சின்னத்தைச் சுத்தி 100 மீட்டருக்குள்ள கட்டடம் கூடாது, அதுக்கு அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்கணும். தாழி கிடைச்ச தோட்டம் எல்லாம் உடனே பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆயிடாதுதான். அதை அவருக்கு யார் சொல்றது? ஒரு கிணத்து மோட்டார் ரூம் கட்ட தாசில்தார் ஆபீஸுக்கு எத்தனை தடவை நடந்திருப்பார் அவர்? அந்த அனுபவத்துல இருந்து பேசுறார்.

நைல்காரங்க கதையும் இதுல ஒண்ணும் ஒழுங்கில்ல. அதை எங்க அண்ணனோட போட்டோவுல தேடினாலும் கிடைக்காது. லக்சருக்கு எதிர்க்கரையில குர்ணான்னு ஒரு ஊர் இருந்துச்சு. பழைய கல்லறைகளுக்கு மேலயே வீடு கட்டித் தலைமுறை தலைமுறையா ஜனங்க இருந்தாங்க. கல்லறையைக் காப்பாத்தணும், டூருக்கு வர்றவங்களுக்கு நல்லா இருக்கணும்னு, 2000களோட பின்பாதியில வீடுகளை இடிச்சு அவங்களை வேற இடத்துக்குக் கொண்டுபோய் விட்டாங்க. கலர் கலரா சுவர்ச்சித்திரம் போட்ட அந்த வீடுங்களும் ஒரு வரலாறுதான், அதுக்கு யாரும் அழல. நம்ம முருங்கைத் தோட்டத்துப் பெரியவருக்குக் குர்ணா தெரியாது. ஆனா குர்ணாக்காரங்களோட பயம் அவருக்கு நல்லாவே தெரியும்.

இன்னொரு பக்கம் அணை. அஸ்வான் அணை கட்டும்போது அபு சிம்பெல் கோயில் முழுகிப் போயிடும்னு, 1964ல ஆரம்பிச்சு 1968க்குள்ள துண்டு துண்டா அறுத்து மேட்டுல கொண்டுபோய் ஒட்டினாங்க. உலகமே காசு போட்டுச்சு. அதுக்குக் கொஞ்ச வருஷம் முன்னாடிதான், 1959ல நம்ம வைகை அணை திறந்தது. தண்ணிக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு தேடிப் பார்க்கணும்னு அன்னைக்கு யாருக்குத் தோணிருக்கும்? பசி காலம், தண்ணிதான் முக்கியம். நான் குறை சொல்லல. 1895ல பெரியாறு தண்ணி மலையைக் குடைஞ்சு இந்தப் பக்கம் வரலைன்னா எங்க தாத்தா பர்மாவுக்கோ தேயிலைக் காட்டுக்கோதான் போயிருப்பார். பென்னிகுயிக்கை எங்க ஊர்ல சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிருக்கிறது சும்மா இல்ல. (அவர் கல்லறை இங்கிலாந்துல ஃப்ரிம்லியில இருக்கு. லோயர் கேம்ப்ல 2013ல மணிமண்டபம் கட்டியிருக்கு. கம்பம் பள்ளத்தாக்கு மனசாரக் கும்பிடுற ஒரே கல்லறை கடல் தாண்டி இருக்கு பாருங்க.) தண்ணிக்காக விட்டது விட்டதுதான். ஆனா இன்னைக்கு ப்ளாட் போடுறதுக்கும் கிராவல் அள்ளுறதுக்கும் விட்டுக்குடுக்கிறோமே, அதுக்கு என்ன சமாதானம் சொல்லப் போறோம்?

"டூரிஸ்ட்டைக் கூட்டிட்டு வந்தா இருக்கிறதும் நாசமாப் போயிடும், சுருளியைப் பார்த்தீல்ல"ன்னு ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். நியாயமான கேள்வி. சுருளியில பிளாஸ்டிக் கவரும் பாட்டிலும் கிடக்கிறதை நானும் பார்த்திருக்கேன். ஆனா யாருக்கும் தெரியாம இருந்தா பத்திரமா இருக்கும்ங்கிறது பொய்ங்க. தெரியாம இருந்துதான் தாழி உடையுது. தெரிஞ்ச கருப்பணசாமி பாறை பத்திரமாத்தான் இருக்கு. ஊர்க்காரனுக்கு 'இது எங்களது'ன்னு ஆயிடுச்சுன்னா அப்புறம் எந்த ஆபீசரும் தேவையில்ல.

அதனால நான் கேக்குறது மணிமண்டபமும் இல்ல, கிரானைட் வளைவும் இல்ல, நைல் மாதிரி கப்பலும் இல்ல (வைகையில கப்பல் விட முதல்ல தண்ணி விடணும்). புலிமான்கோம்பை ஊர் முகப்புல அந்தக் கல்லோட நகல் ஒண்ணு. அசல் பத்திரமா இருக்கட்டும். பக்கத்துல ஒரு போர்டு, தமிழ்ல, பத்தாங்கிளாஸ் பையனுக்குப் புரியுற மாதிரி. சின்னமனூர்க் கோயில் வாசல்ல செப்பேட்டுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு போர்டு. உத்தமபாளையத்துல வட்டெழுத்தைப் படிச்சுச் சொல்ல உள்ளூர்ப் பிள்ளைங்க ரெண்டு பேருக்குப் பயிற்சி, சம்பளம். தாழி கிடைச்சதைச் சொல்ற தோட்டக்காரருக்கு, தோண்டுற நாளைக்குப் பயிர் நட்டம், தோண்டி முடிச்சதும் மண்ணை மூடி நிலத்தைத் திருப்பிக் குடுக்கிற எழுத்துப்பூர்வமான உத்தரவாதம். கீழடியில தென்னந்தோப்புக்காரங்க நிலம் குடுத்ததாலதான் தோண்டவே முடிஞ்சது, பெரும்பாலான குழியை மூடி திருப்பியும் குடுத்தாங்க. அங்க முடிஞ்சது ஆண்டிப்பட்டியில முடியாதா? கடைசியா அந்தப் போர்டுல தோட்டக்காரர் பேரையும் போடுங்க. தீயன் அந்தவன் பேரு ரெண்டாயிரம் வருஷம் நின்ன ஊர்ல, அதைக் காட்டிக் குடுத்தவன் பேர் ஒரு இருபது வருஷமாவது நிக்கட்டுமே.

போகணும்னு நெனைக்கிறவங்களுக்கு: உத்தமபாளையம் பாறைக்கு உச்சி வெயில்ல போகாதீங்க, புடைப்புச் சிற்பம் எல்லாம் தட்டையாத் தெரியும். வெயில் சாய்வா விழும்போது போனாத்தான் மூக்கும் முழியும் எழும்பி வரும். எழுத்து மேல சுண்ணாம்பு, சாக்பீஸ் எதுவும் தடவாதீங்க, தயவுசெஞ்சு. கம்பம் தொழுவுக்கு மாட்டுப் பொங்கல் தவிர வேற நாள்ல போனா நிதானமாப் பார்க்கலாம். ஆண்டிப்பட்டிப் பக்கம் தோட்டத்துக்குள்ள போறதா இருந்தா முதல்ல வீட்டுல போய் கேளுங்க, கேமராவைப் பைக்குள்ள வைங்க, நீங்க எந்த ஆபீஸும் இல்லைன்னு முதல் வாக்கியத்துலயே சொல்லிடுங்க. மோர் குடுப்பாங்க, வேண்டாம்னு சொல்லாதீங்க.